மீனுக்குத் திறந்த கதவு

தண்ணீர்க் கதவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் திறந்தாலும் திட்டு, மூடினாலும் திட்டு. இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சு வாங்கிப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலேசியாவின் ஜொகூரில், பொந்தியான் பக்கம், ஆறு கடலில் சேரும் இடத்தில் என் கதவு இருக்கிறது. கடல் ஏறும்போது இறக்குவேன், வற்றும்போது தூக்குவேன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். செய்தது சரியா என்று யோசிக்காமல் வீடு திரும்பிய நாள் குறைவு.

ஒரு சாண்

கதவு போட்டதிலிருந்து ஆற்றுக்குள் மீன் ஏறுவதில்லை என்று எங்கள் நீர்ப்பாசன இலாகா ஒரு சோதனையைத் தொடங்கியது. கடல் ஏறத் தொடங்கும்போது கதவை ஒரு சாண் திறந்து வைக்க வேண்டும். மீன் குஞ்சுகள் உள்ளே போய்விடும். தூணில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டதும் மூடிவிட வேண்டும்.

கதவுக்குப் பின்னால் தாழ்வான நிலத்தில் லெட்சுமி அக்கா வெற்றிலை போட்டிருந்தார். தூரத்து உலு திராம் ஊர்க் கடைகள் வரை போகும் வெற்றிலை. புருஷன் போன பிறகு அவருக்கு இருந்ததும் அது ஒன்றுதான். உப்புத் தண்ணீர் பட்டால் கொடி தாங்காது. அவரிடம் போய்ப் பக்குவமாக விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மீனுக்குன்னு திறக்கிறீங்க. தண்ணி மட்டும் மரியாதையா வெளியவே நின்னுக்குமா தம்பி?”

வரிசை இல்லாத மீன்

ஆற்றின் மேல்பக்கத்து மலாய்க் கிராமத்தில் வலை போடுகிறவர் பாக் சாலே. ‘பாக்’ என்பது மலாயில் பெரியவருக்கான மரியாதை. வருடக்கணக்காக அவர் வலையில் வந்தது குப்பைதான். கதவைத் திறக்க ஆரம்பித்த சில மாதங்களில் மடவை வந்தது. பிறகு முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா. அதை எனக்குக் காட்டுவதற்கென்றே படகில் வந்தார். எடுத்துக்கொள் என்றார். இந்த வேலையில் இருக்கிறவன் வாங்கக் கூடாது பாக், என்று மறுத்தேன்.

அவர் மகன் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். கொடுவாவைத் தட்டிக்கொண்டே மலாயில் சொன்னார்: “என் மகன் தினமும் பாலத்துல மணிக்கணக்கா நிக்கிறான். உன் மீனுக்கு மட்டும் பாஸ்போர்ட்டும் இல்ல, வரிசையும் இல்ல லா.”

நீப்பாக் கட்டை

அமாவாசைக்கு மறுநாள், கடல் வழக்கத்தைவிட உயர்ந்து வந்தது. தண்ணீர் கோட்டைத் தொட்டதும் பொத்தானை அழுத்தினேன். கதவு கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. எங்கிருந்தோ மிதந்து வந்த நீப்பாப் பனையின் அடிக்கட்டை கீழே சிக்கியிருந்தது. தூக்கி இறக்கிப் பார்த்தேன். கழியால் குத்தினேன். கடல் வற்றும்வரை அது அசையவில்லை. அதற்குள் உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியாக அக்காவின் தோட்டத்தில் ஏறி நின்றது.

கோட்டைத் தொடும்வரை திறந்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவுப்படிதான் செய்தேன். அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால், மூடிய கதவுக்கு அடியில் கட்டை எப்படிச் சிக்கும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இலைகள் ஓரம் கருகின. பிறகு கொடி கணுக்கணுவாகக் கழன்று விழுந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அக்கா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். காய்ந்த கொடிகளைக் கம்பிலிருந்து பிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்பாங்க. உங்கள நினைச்சுக்குவேன் தம்பி.”

மூடிய பிறகு

இலாகா சோதனையை நிறுத்திவிட்டது. இப்போது கடல் ஏறத் தொடங்கும்போதே கதவு இறங்கிவிடுகிறது. நான் எதிர்த்துப் பேசவில்லை, நிம்மதியாகவும் இல்லை. மூடிய முதல் நாளே வெளிப்பக்கம் மடவைக் குஞ்சுகள் வந்து கூடின. இரும்பை உரசிக்கொண்டு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய்ப் போய்த் திரும்பின. கொக்குகளுக்கு நல்ல வேட்டை.

பாக் சாலேயிடம் சொல்வதற்கு வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அவர் அக்காவின் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். என் பக்கத்தில் நின்று குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மூடத்தான் வேணும். எனக்குச் சொன்னா புரியும். அதுங்களுக்கு யார் சொல்றது?”

முதலில் அக்காவை, பிறகு பாக் சாலேயை என்று ஆளுக்கு ஒரு தடவை கைவிட்டிருக்கிறேன். பாரபட்சம் பார்த்தேன் என்று மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.