வண்டு முதுகில் ஆறு நிறம்

என் நாத்தனாரைப் பற்றி நல்லவிதமாக எழுதப் போகிறேன் என்றதும் என் கணவரே செய்தித்தாளைத் தாழ்த்தி என்னை ஒருமுறை பார்த்தார். பார்க்கட்டும். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறோம். சண்டை வராமல் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று, துணி உலர்த்தும் கயிற்றுக்கு ஒன்று என்று வந்திருக்கிறது. ஆனாலும் அவருக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அக்கா பூச்சி விஞ்ஞானி. கிடங்குகளில் தானியத்தைத் துளைத்துத் தின்னும் வண்டுகளைப் பத்தொன்பது வருடமாக ஆராய்கிறார். அரிசி மணியைவிடச் சிறிய வண்டு அது. ஒரு மூட்டையில் புகுந்தால் சில மாதத்தில் மணியெல்லாம் வெறும் தோலாகிவிடும். இப்படிப்பட்ட வேலையைச் செய்கிறவருக்கு அவருடைய ஆய்வு நிலையம் வைத்த பெயர் என்ன தெரியுமா? கேக் மேடம்.

பெயர் வந்த காரணம் உண்மைதான். வருடக் கடைசி விடுமுறை நெருங்கினால் கீழ் வீட்டு ஓவன் ஓயாது. இரண்டு மாதம் முன்பே உலர் பழங்களை ஊறப் போட்டுவிடுவார். நாற்பது கேக்குக்குக் குறையாது. ஆய்வு நிலையத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால், ஒருவருக்குக் குழந்தை பிறந்தால், வெளியூரிலிருந்து பெரியவர் யாராவது வந்தால், "மேடம், இந்தத் தடவையும் உங்க கைதான்" என்பார்கள். அக்காவும் மகிழ்ச்சியாகத்தான் செய்தார். அதை நான் மறைக்கவில்லை.

கேக் மட்டும் இல்லை. முன்னறையில் ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. அதில் கட்டைவிரல் உயரத்துக்குக் குட்டிக் குட்டி மனித பொம்மைகள். கடையிலிருந்து வெறும் சாம்பல் நிறத்தில் வரும். நாலைந்து மயிர் மட்டுமே உள்ள தூரிகையால் அக்கா அவற்றுக்கு உயிர் கொடுப்பார். ராஜா, போர்வீரன் எல்லாம் அவருக்குப் பிடிக்காது. கழுத்தில் அளவு நாடா தொங்கும் தையல்காரர், குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும் குமாஸ்தா, மூக்கு நுனியில் கண்ணாடியோடு நிற்கும் ஒரு பெண்மணி. "இது யாருக்கா?" என்று கேட்டேன். "நீதான். மின்கட்டணச் சீட்டு படிக்கறப்ப" என்றார். இரண்டு நாள் பேசவில்லை நான்.

நாற்பத்தொன்றாவது வயதில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். இணையத்தில் இலவசப் பாடம். முதலில் எழுதியது, வட்டத் தட்டுக்குப் பதில் சதுரத் தட்டு எடுத்தால் மாவு எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு சின்ன நிரல். அது வேலை செய்த அன்று மாடிக்கு ஓடிவந்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். என் கணவர், "அதான் கண்ணளவே போதுமேக்கா" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிடங்கைக் காலி செய்து, மருந்துப் புகை போட்டு, புதுத் தானியம் நிரப்பினாலும் மூன்று வாரத்தில் வண்டு மறுபடி வந்துவிடும். எங்கிருந்து வருகிறது? சாக்கில் தப்பிப் பிழைத்தது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அக்காவுக்குச் சந்தேகம். ஆனால் நிரூபிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வண்டும் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். எல்லா வண்டும் ஒரே மாதிரி இருக்கும்போது எதை என்று பார்ப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல்காரரின் சட்டைப் பொத்தானுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் அதே தூரிகையை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். வண்டைக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் அசையாமல் கிடக்கும். அதற்குள் முதுகில் இரண்டு புள்ளி. ஆறு நிறம், முன்னால் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம் என்று மாற்றி மாற்றி வைத்தால் முப்பத்தாறு வண்டுக்கும் தனித்தனி அடையாளம். ஒரு சொட்டு கூடினால் சிறகு ஒட்டிக்கொண்டு செத்துப் போகும். அந்த நிலையத்தில் வேறு யாருக்கும் அந்தக் கை வரவில்லை. முயன்று பார்த்தவர்கள் வண்டைக் கொன்றதுதான் மிச்சம்.

பிறகு கண்ணாடிப் பெட்டியில் மாதிரிக் கிடங்கு ஒன்று கட்டி, வண்டுகளை விட்டு, நாள் முழுக்கப் படம் பிடித்தார். அதைக் கண்ணால் பார்த்துக் குறிக்க ஒரு வருடம் ஆகும். அக்கா வீட்டில் உட்கார்ந்து, தன் சொந்த விடுமுறை நாட்களில், நிறப் புள்ளிகளைத் தானாகவே தொடர்ந்து போகும் நிரலை எழுதினார். நான்கு மாதம் பிடித்தது. முடிவு தெளிவாக வந்தது: வண்டு சாக்கில் இல்லை. சுவரும் தரையும் சேரும் இடத்து விரிசலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. புகை அங்கே எட்டுவதில்லை. முதலில் விரிசலை அடைத்துவிட்டுப் புகை போட வேண்டும்.

அவ்வளவுதான். ஒரு வாளி சிமெண்ட் வேலை. நிலையம் அதைக் கிடங்குகளுக்கெல்லாம் அறிவுரையாக அனுப்பியது. இயக்குநர் நான்கு ஊர் போய் உரையாற்றினார். அந்தப் புள்ளி வைத்த வண்டுப் படத்தைத் திரையில் ஓட்டாமல் அவர் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை.

அடுத்த வருடம் தலைமை விஞ்ஞானி பதவிக்கு நேர்காணல் வந்தது. அக்காவும் போனார், அவருடன் வேலை பார்க்கும் இன்னொருவரும் போனார். தேர்வுக் குழுவில் நான்கு பேர். இயக்குநர்தான் தலைவர். விண்ணப்பத்தில் பொழுதுபோக்குகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா ஒளிவுமறைவு தெரியாதவர். கேக், பொம்மைக்கு வண்ணம், நிரல் எழுதுவது என்று மூன்றையும் எழுதியிருந்தார்.

"இவ்வளவு இருந்தா ஆராய்ச்சிக்கு எப்பம்மா நேரம் கிடைக்குது?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். இன்னொருவர், "கேக்குக்கு முட்டை போடுவீங்களா, போடாமலா?" என்றாராம். இருபது நிமிட நேர்காணலில் வண்டைப் பற்றி வந்தது ஒரே ஒரு கேள்வி.

பதவி மற்றவருக்குப் போனது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவரே அக்காவின் மேஜைக்கு வந்து சொன்னார்: "மேடம், எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. என்கிட்ட பத்து நிமிஷம் பாட்மிண்டன் பத்திதான் கேட்டாங்க. ஆட்டத்துல ஜெயிக்கறவன்கிட்ட தலைமைப் பண்பு தானா இருக்கும்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க."

ஒருவர் பந்தடித்தால் பண்பு. இன்னொருவர் தூரிகை பிடித்தால் நேர விரயம். இதைக் கேட்டபோது எனக்குக் கையிலிருந்த கரண்டியை எங்காவது வீசலாம் போலிருந்தது. என் கணவர் வழக்கம்போல, "விடுக்கா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்.

"எதுக்கு விடணும்? ஏன் இல்லைன்னு எழுத்துல கேளுங்கக்கா" என்றேன் நான். பதிவு அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். வாயால் சொன்னதற்கு மதிப்பே கிடையாது என்று தினமும் பார்க்கிறவள்.

அக்கா கேட்டார். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. 'விண்ணப்பதாரரின் ஆர்வங்கள் பல திசைகளில் சிதறியுள்ளதால், பொறுப்பான பதவிக்குத் தேவையான ஒருமுகம் குறைவாக உள்ளது எனக் குழு கருதுகிறது.' அக்கா அதைப் படித்துவிட்டு ஜன்னலோர மேஜை முன் போய் உட்கார்ந்தார். தூரிகையை எடுத்தார். ஒரு பொம்மையின் கண்ணில் வண்ணம் வழிந்தது. அவர் தூரிகை பிசகி நான் பார்த்தது அன்றுதான்.

அதே வாரம் இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு. நிலையத்துக்கு ஐம்பதாவது ஆண்டு விழா. கட்டட வடிவத்திலேயே மூன்றடுக்குக் கேக் ஒன்று வேண்டுமாம். நடந்த பேச்சை அக்கா வரி பிசகாமல் என்னிடம் சொன்னார்.

"முடியாது சார்" என்றார் அக்கா.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாதான் இருக்கு. ஆர்வம் பல திசையில சிதறுதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கீங்க. அதான் சிதறாம பாத்துக்கறேன்."

"அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. அது சும்மா ஃபைலுக்கு எழுதறது."

"என் பேர்ல இருக்கற ஃபைல் சார் அது. சரி, விழாவுல நீங்க காட்டப் போற வண்டுப் படத்துல என் பேரைப் போடுவீங்களா?"

இயக்குநர் கொஞ்சம் இழுத்தாராம். "அந்த புரோகிராம் நீங்க வீட்ல பொழுதுபோக்கா பண்ணதுதானே. நிலையத்தோட படத்துல தனி ஆள் பேரு எதுக்கு?"

"பொழுதுபோக்குன்னா அது என் சொத்து, என்னைக் கேக்காம காட்டக் கூடாது. வேலைன்னா அதுக்கான மதிப்பெண்ணை நேர்காணல்ல குடுத்திருக்கணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

அக்கா வெளியே வந்துவிட்டார்.

அன்று மாலையே நாங்கள் இருவரும் உட்கார்ந்து நிர்வாகக் குழுவுக்கு மேல்முறையீடு தயாரித்தோம். நான் கோபத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டச்சு செய்தேன். அக்கா அதில் பாதியை அடித்துவிட்டார். "திட்டறதுக்கு இல்ல இது. நடந்ததை மட்டும் போடு. அதுவே போதும்" என்றார். எனக்கு மனதில்லை. ஆனாலும் அவர் சொன்னபடிதான் போனது.

நிலையத்தில் சிலர் அக்காவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு கேக்குக்காக இவ்வளவு அமர்க்களமா என்று கேண்டீனில் பேச்சு. வருடா வருடம் பழம் ஊறப்போட்டு, சலித்து, சுட்டு, பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததைத் தின்ற அதே வாய்கள். ஆய்வக உதவியாளப் பெண் ஒருத்தி மட்டும் தனியாக வந்து, தான் வீணை கற்றுக்கொள்வதை இனி யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று சொன்னாளாம். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

விசாரணை நாளில் அக்கா கொண்டுபோனது ஒரு மூடிய கண்ணாடிக் கிண்ணம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு மடிக்கணினி. நிர்வாகக் குழுவில் கிடங்கு மேலாளர் ஒரு அம்மையாரும் இருந்தார். பூதக்கண்ணாடி வழியாக வண்டின் முதுகைக் குனிந்து பார்த்தார். சிவப்பும் மஞ்சளும்.

"இதை யார் வெச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்மா."

"எந்தக் கருவியால?"

"கருவி இல்ல. பொம்மைக்கு வண்ணம் அடிக்கற தூரிகை."

அந்த அம்மையார் இயக்குநரிடம் திரும்பினார். "எங்க கிடங்குல விரிசலை அடைச்ச பிறகு மருந்துப் புகை பாதியா குறைஞ்சிருக்கு. அதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு ஒருமுகம் குறைவுன்னு எழுதியிருக்கீங்க. இந்த வரியை யார் எழுதினது?"

அது தேர்வுக் குழுவின் பொதுவான கருத்து என்று இயக்குநர் சப்பைக்கட்டு கட்டினார். பொதுவான கருத்து என்றால் யாருடைய கையும் அதில் இல்லை என்று அர்த்தம். என் அலுவலகத்திலும் தினமும் கேட்கிற பாட்டுதான்.

முடிவு ஏழு மாதம் கழித்து வந்தது. மற்றவருக்குக் கொடுத்த பதவியைப் பறிக்க முடியாது. பறிக்க வேண்டும் என்று அக்காவும் கேட்கவில்லை. அக்காவுக்கு அதற்கு இணையான இன்னொரு பதவி கொடுத்தார்கள். அந்த வரியைக் கோப்பிலிருந்து நீக்கினார்கள். விண்ணப்பத்தில் பொழுதுபோக்குக் கட்டத்தை எடுத்தார்கள். வண்டுப் படத்தின் அடியில் அக்காவின் பெயர் வந்தது, எறும்பு அளவு எழுத்தில். மன்னிப்பு என்று ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

என் கணவர் இனிப்பு வாங்கி வந்தார். அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டார், ஆனால் முகம் மலரவில்லை.

"சந்தோஷமா இல்லையாக்கா?" என்றேன்.

"என்னோடதை எனக்குக் குடுத்திருக்காங்க. அதுக்கு ஏழு மாசம். அதுல நான் ஒரு ஆராய்ச்சி முடிச்சிருப்பேன். இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?" என்றார். பிறகு, விரிசலுக்குள் வண்டு எத்தனை நாள் பட்டினி கிடக்கும் என்று இதுவரை யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் இனிப்புப் பெட்டியை மூடி வைத்தேன். எனக்குத் தின்ன மனம் வரவில்லை.