பல்லுக்குக் கம்பி

கணவர் இறந்த பிறகு அடுத்த மாதத்தைத் தாண்டி நான் எதையும் யோசித்ததில்லை. நாற்பத்தாறு வயதில் ஈறு வீங்கி, பெங்களூர் அல்சூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண்.

“பல்லு கோணலா இருக்கறதாலதான் ஆன்ட்டி இந்தத் தொந்தரவு. கம்பி போட்டா சரியாயிடும். ரெண்டு வருஷம் ஆகும், பரவாயில்லையா?” என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து நான் நன்றாகச் சிரிப்பேன் என்று அவள் சாதாரணமாக நம்பியது எனக்குப் பிடித்திருந்தது.

“போட்டுடும்மா” என்றேன்.

வீக்கம் வடிந்ததும் கம்பி மாட்டினாள். மர்பி டவுனில் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததுமே பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

“ஏம்மா, காலேஜுல சேரப் போறியா?”

எனக்கு வந்த சிரிப்பில் உதடு கம்பியில் மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் தயிர்சாதத்தைக் குழைத்து விழுங்கியபடி மகளிடம், “அடுத்த வருஷம் லீவுக்கு எங்க போலாம்?” என்றேன்.

“நீயாம்மா கேக்கற?” என்று அவள் பார்த்துக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தாள்.