இருபத்தைந்தில் நிற்காத எண்

அண்ணன் போய்ச் சேர்ந்து பல மாதமாகியும் அவருடைய கடைசல் எந்திரமான லேத்தில் ஒரு வார்ப்பிரும்புத் துண்டு மாட்டியபடியே இருந்தது. சின்ன நீராவி எஞ்சின் ஒன்றின் சிலிண்டர் அது. நடுவில் துளையைப் பாதிவரை குடைந்து வைத்திருந்தார். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனவர், மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் மலாக்காவின் கிளேபாங் சாலையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். அந்தத் துண்டைக் கழற்ற நான் யாரையும் விடவில்லை. ஒருமுறை கழற்றினால் திரும்ப அதே மையத்தில் மாட்டுவது குதிரைக்கொம்பு. வேறு வார்ப்பும் கிடையாது.

காஜா பேராங்கில் அண்ணன் வீட்டுக் கார் கொட்டகையில் கார் நின்றதே இல்லை. சுதந்திரம் வந்த மெர்டேக்கா சமயத்தில் வெள்ளைக்காரர்கள் ஒரு தோட்டத்துப் பட்டறையில் விட்டுப்போன அந்த இங்கிலாந்து லேத்தான் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பகலெல்லாம் ஆபீசில் நாற்காலி தேய்த்துவிட்டு, சாயங்காலம் சட்டையைக் கழற்றியதும் அதன் முன்னால் நிற்பார். நான் பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். எண்ணைப் பார்த்து வேலை செய்பவன். அவர் காதை வைத்து வேலை செய்பவர். இதை வைத்தே எங்களுக்குள் எப்போதும் வாய்ச்சண்டை.

"ஒருதடவ அந்த எஞ்சின் ஓடிப் பாத்துட்டா போதும் தம்பி," என்றார் அண்ணி. காரியம் முடிந்து கொஞ்ச நாளில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் லேத்தைச் சரியாகப் பார்த்தேன். துளை சரியாக இருபத்தைந்து மில்லிமீட்டர் வரவேண்டும். லேத்தின் கைச்சக்கரத்தில் இருந்ததோ அங்குலக் கணக்கு. அதைக்கூட மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சக்கரத்தோடு சேர்ந்த திருகு ஒரு பகுதியில் நன்றாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் ஒன்று சொன்னது, வெட்டும் உளி வேறொரு இடத்தில் நின்றது. அண்ணன் இத்தனை வருடம் அந்தத் தேய்மானத்தைத் தன் கையாலேயே சரிக்கட்டி ஓட்டியிருக்கிறார். அந்தக் கை என்னிடம் இல்லை. உளி எங்கே நிற்கிறது என்பதைத் திருகை நம்பாமல் நேராகக் காட்ட, ஒரு டிஜிட்டல் அளவுகோல் மாட்டினால்தான் உண்டு.

கடைக்காரச் சீனர் காந்தப் பட்டை வகையை எடுத்து வைத்தார். எண்ணெய், தூசி எதற்கும் அது அசையாதாம். எனக்குக் கண்ணாடி அளவுகோல்தான் வேண்டியிருந்தது. மெல்லிய கோடுகள் கீறிய கண்ணாடி, அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் நீளத்துக்கு ஒரு வெட்டு. தூசி போகாமல் அந்த வெட்டை ரப்பர் உதடுகள் மூடியிருக்கும். கோடுகளைப் படிக்கும் தலை அதன் வழியாக ஓடும். "பவுடர் மாசோக், ரோசாக் நந்தி," என்று தவுக்கே, அந்தக் கடை முதலாளி, தலையை ஆட்டினார். தூசி போனால் கெட்டுவிடும் என்கிறார். என் லேத்தில் தூசிக்கு என்ன வேலை என்று அலட்சியமாகக் கேட்டுவிட்டு வாங்கி வந்தேன்.

மாட்டுவதற்கு வார்ப்பிரும்பில் நான்கு துளை போடவேண்டியிருந்தது. முதல் துளை போடும்போது, அண்ணன் உடம்பில் துளை போடுவது போலிருந்தது. கண்ணாடி, உளி நகரும் திசைக்கு இம்மியும் கோணாமல் இருக்கவேண்டும். டயல் கேஜை ஓட்டி ஓட்டி, அளவுகோலின் தாங்கிக்கு அடியில் தகரத் துண்டு வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, அதற்கே ஒரு வாரச் சாயங்காலங்கள் போயின. கடைசியில் சுவரில் எண் காட்டும் திரைப்பெட்டியை மாட்டி சுவிட்சைப் போட்டதும் சிவப்பு எண்கள் எரிந்தன. சிலிண்டருக்கு நேராக, இருபத்தைந்தில் கொண்டுபோய் உளியை நிறுத்தினேன். அசையாமல் நின்றது. ஒரு நல்ல நாளில் வெட்டிவிடலாம் என்று விட்டுவைத்தேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக அண்ணன்தான் எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைப்பார். அந்த வருடம் அண்ணி வைத்தார். அரம், வைஸ், டிரில், லேத், எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம். புது அளவுகோலுக்கும் தாராளமாக. "புது ஆள விட்டுட்டா கோவிச்சுக்கும்," என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

மறுவாரம் சுவிட்சைப் போட்டபோது எண் நிற்கவில்லை. உளியை வேறு எங்கே நிறுத்தினாலும் நன்றாகத்தான் காட்டியது. இருபத்தைந்துக்குக் கொண்டுபோனால் மட்டும் கடைசி இலக்கங்கள் ஆடின. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. கையை எடுத்த பிறகும் ஆடின. எர்த் கம்பியைப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது பாட்டுக்கு ஆடியது.

என் சத்தம் கேட்டு வந்த அண்ணி திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். "தம்பி, இது அவருதான்," என்றார். "கடைசி வெட்டுக்கு முன்னால இப்படித்தான் சக்கரத்த முன்னயும் பின்னயும் ஆட்டிக்கிட்டே நிப்பாரு. சாப்புட வாங்கன்னா காதுலயே விழாது."

அது உண்மை. கடைசி வெட்டுக்கு முன்னால் அண்ணனுக்கு ஒரு தயக்கம் உண்டு. நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அண்ணி சாயங்காலம் விளக்கு வைத்ததும் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு கொட்டகையில் உட்கார ஆரம்பித்தார். அன்றைய கதையெல்லாம் திரையிடம் சொல்வார். பாசாரில் மீன் நன்றாக இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. எண் ஆடும். "ஆமா, உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு," என்பார். நல்ல மனுஷிக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்தேன். ஆனால் அவர் வேளாவேளைக்குச் சாப்பிட்டார், தலை வாரினார், முகம் தெளிந்தது. நானும் யோக்கியமில்லை. பேய், ஆவி என்றால் எரிந்து விழுகிறவன், வேலை முடிந்து கிளம்பும்போது உளியை வேண்டுமென்றே அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, திரையை அணைக்காமல் போக ஆரம்பித்தேன். கொட்டகைக்குள் முதுகைக் காட்டி நிற்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

வெட்டத்தான் முடியவில்லை. ஆடுகிற எண்ணை நம்பி உளியை இறக்கினால் ஒரு மயிரிழை அதிகம் போனாலும் சிலிண்டர் குப்பைக்குத்தான். அதற்குள் மலாக்காவின் ஈரக்காற்று வேலையைக் காட்டியது. எண்ணெய் தடவியும் துளைக்குள் துரு படர்ந்தது. இன்னும் உள்ளே அரித்தால் வெட்டி எடுக்க இரும்பு மிஞ்சாது. எஞ்சின் ஓடவே ஓடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணி கோயிலுக்குப் போயிருந்த நேரம், அளவுகோலைக் கழற்றினேன். முனை மூடியை எடுத்து, படிக்கும் தலையை உருவி, கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தேன். இருபத்தைந்துக்கு நேராகச் சந்தனமும் குங்குமமுமாக ஒரு தீற்றல். ரப்பர் உதட்டின் மேல் அண்ணி கட்டைவிரலால் அழுத்தி வைத்த பொட்டை, ஓடும் தலை உள்ளே இழுத்துப் போயிருக்கிறது. பொட்டு வைத்த அன்று உளி அந்த இடத்தில்தான் நின்றிருந்தது. வேறொன்றும் இல்லை. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தேன். ஒரே இழுப்பில் போய்விட்டது. திரும்ப மாட்டி, மறுபடி டயல் கேஜை ஓட்டிச் சரிபார்த்து, சுவிட்சைப் போட்டேன். எண் கல்லாக நின்றது.

சாயங்காலம் அண்ணி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். திரையை உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னிக்கு ஆடல? ரோசாக் ஆயிருச்சா?"

"இல்ல அண்ணி. இப்பத்தான் சரியாயிருக்கு. கண்ணாடில பூசைக் குங்குமம் பட்டிருந்துச்சு. தொடச்சிட்டேன்."

அவர் தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அப்படின்னா இத்தன நாளும் இங்க யாருமே இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். இரும்பையும் அளவையும் தவிர வேறெதற்கும் பழகாத வாய், "இல்ல அண்ணி," என்று சொல்லிவிட்டது.

அண்ணி அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "சரி. அறுத்து முடிச்சிடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முக்காலியையும் கையோடு எடுத்துப் போனார்.

நான் லேத்தை ஓட்டினேன். துருவெல்லாம் சிவப்புப் பொடியாக உதிர்ந்தது. கடைசி வெட்டுக்கு எண்ணைப் பார்த்து உளியை வைத்தேன். இருபத்தைந்து. தயங்கவில்லை, தயங்க ஒன்றும் இல்லை. வெட்டி முடித்து, ஓட்டத்தை நிறுத்தி, துளையைத் துடைத்து அளந்தேன். மயிரிழை பிசகவில்லை. அவர் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்குமா என்று தெரியாது. எங்கள் வாய்ச்சண்டையில் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், "அண்ணே, இப்ப என்னா சொல்ற?" என்று உரக்கக் கேட்டபடி திரும்பினேன்.

அண்ணன் செத்துப்போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது.