அங்கே அழாத குழந்தை

பத்து வருஷமாகத் தையல் கடையில் ஊசி பிடிப்பவள் அவள். எந்தத் தையல் எங்கே விட்டுப்போகும் என்று துணியைத் தொட்டதும் சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பாள், லேசில் நம்ப மாட்டாள்.

அவளுடைய மூன்று வயது மகளுக்கு வீட்டில் பெயர் புயல். பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வார்டையே எழுப்பிவிட்ட பிறவி. சட்டை லேபிள் உறுத்தினால் அழுகை, டம்ளர் மாறினால் அழுகை. அப்படிப்பட்டவளைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்டு ஒரு மாதம் ஆகிறது. அங்கிருக்கும் ஆயாவோ தினமும் ஒரே பாட்டுத்தான் பாடினாள்.

"உங்க பொண்ணு தங்கம்மா. வாயே தொறக்க மாட்டா."

தங்கமாம், யாருக்குக் காது குத்துகிறாள்? தூங்க வைக்க மருந்து கிருந்து ஊற்றுகிறார்களோ? குழந்தையின் வாயை முகர்ந்தாள். தண்ணீர் பாட்டிலை முகர்ந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் புயல் அடிக்க ஆரம்பித்துவிடும்.

"மருந்து தெளிஞ்சிடுச்சு பாருங்க," என்றாள் புருஷனிடம். "நாளையோட நிறுத்திடலாம். என் வேலை போனா போகட்டும்."

"ஒருதடவ கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணு," என்றான் அவன்.

மறுநாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் காப்பகத்தின் ஜன்னலோரம் நின்றாள். உள்ளே மகள் அடுக்கிய கட்டைகளை இன்னொரு குழந்தை தட்டிவிட்டது. இதோ ஊரைக் கூட்டப் போகிறாள் என்று தாய் காத்திருந்தாள். சத்தமே இல்லை. மகள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்தாள். மூலைக்குப் போய்ப் பாசிமணி டப்பாவைக் கவிழ்த்தாள். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று பிரித்தாள்.

தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் வாடிக்கையாளர் துணியை முகத்தில் எறியாத குறையாகத் திட்டும்போது அவள் செய்வதும் அதேதான். உதட்டைக் கடித்துக்கொண்டு பொத்தான் டப்பாவைக் கவிழ்ப்பாள். இரண்டு ஓட்டை ஒரு பக்கம், நான்கு ஓட்டை ஒரு பக்கம். மீதிக் கோபத்தை வீட்டில் பாத்திரங்கள் மேல் காட்டுவாள். காப்பகத்தில் சேரும்வரை மகள் அந்தத் தையல் மேஜைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தாள். மருந்து கொடுத்தது யாரென்று இப்போது தெரிந்துவிட்டது.

"என்னம்மா, இந்த நேரத்துல?" என்று ஆயா கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே தாய்க்குக் கூச்சமாக இருந்தது. அதற்குள் மகள் பார்த்துவிட்டாள். வீறிட்டு அழுதபடி ஓடிவந்தாள்.

வழக்கமாகத் தாய் "வாய மூடு" என்பாள். இன்று தரையிலேயே உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"அழு கண்ணு. எங்கிட்ட அழாம யார்கிட்ட அழுவ?"

சொல்லி முடித்ததும் தன் உதடு தானாக உள்ளே மடிவது தெரிந்தது. கடிக்காமல் மெதுவாக விட்டாள்.