ஐஸ் பெட்டிக்கு ஒரு லைன்

என் தங்கை இறந்தபோது கடலூரில் மின்சாரம் இல்லை. புயல் கடந்துவிட்டிருந்தது, கம்பங்கள் மட்டும் சாலையில் கிடந்தன. இறந்தவர்களை வைக்கும் ஐஸ் பெட்டிகள் எல்லாம் ஏற்கெனவே வேறு வீடுகளுக்குப் போயிருந்தன. ஆகவே சிதம்பரத்தில் ஒரு பெட்டியைத் தேடிப் பிடித்து, அதை ஏற்றிய பிக்கப் வண்டியிலேயே, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புவனகிரி வழியாக வந்தேன். தங்கைக்கு ஒரே மகள். வளைகுடா நாட்டில் செவிலியாக இருந்தாள். விமானம் ஏறுமுன் என்னை அழைத்து, "பெரிம்மா, நான் வந்து மூஞ்சப் பாக்குற வரைக்கும் எடுத்துடாதீங்க" என்றாள். வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

கரண்ட் இல்லாத இடத்தில் ஐஸ் பெட்டி எப்படி ஓடும் என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"இந்த வண்டியே ஒரு கரண்ட் ஆபீசுதாங்க்கா. பேட்டரியில இன்வெர்ட்டர மாட்டி இன்ஜின ஓட விட்டா போதும்."

சிப்காட்டை ஒட்டிய தெருவில் தங்கையின் வீடு. வண்டியைப் பின்பக்கமாக வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தினார். பேட்டரியின் இரு முனைகளிலும் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கேபிள்களைக் கவ்வவிட்டு, ஆக்சிலேட்டர் மேல் ஒரு செங்கல்லை வைத்தார். தங்கையைக் கிடத்திக் கூடத்தில் வைத்த பெட்டிக்கு ஜன்னல் வழியே ஒயர் வந்தது. பெட்டி முதலில் உறுமியது, பிறகு நிதானத்துக்கு வந்தது. கண்ணாடி மூடி பனித்தது. நான் முந்தானையால் துடைத்துத் துடைத்து, மஞ்சள் பூசிய அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து சேரும்வரை இது தாங்கும் என்று அப்போது நம்பினேன்.

தங்கையின் கணவர் வாசலில் நின்று, மழை இருட்டில் கிடந்த வீட்டை வெறித்தார். ஓட்டுநரும் அவரும் அதற்குள் ஒருவரையொருவர் மச்சான் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"என்னா மச்சான், சாவு வீடு மாதிரியா இருக்குது? பூட்டிப் போட்ட வீடு மாதிரி இருக்குது. ஒரு டியூப் லைட்டு போடு."

"போட்டுட்டாப் போச்சு மச்சான்."

விளக்கு வந்தது. அடுத்து ஸ்பீக்கர் செட் வந்தது. வண்டி தாங்குமா என்று நான் கேட்டேன்.

"திருவிழாவுல ஆர்ச்சு லைட்டே இதுலதாங்க்கா எரிஞ்சிது" என்றார் ஓட்டுநர்.

தங்கையின் கணவர் என்னிடம் திரும்பினார். "அண்ணி, அவ என்னா நாதியத்தவளா? பாட்டுகூட இல்லாம கெடக்கணுமா?" பாட்டு ஒலித்தது. கூடத்தில் புழுங்கிக்கொண்டிருந்த பெண்களுக்காக ஒரு ஸ்டாண்டு ஃபேன் சுழன்றது. பிறகு தெருவே கைப்பேசிகளோடு வந்தது.

"ஒரே ஒரு பாயிண்டும்மா. எங்க வூட்டுக்காரரு மெட்ராசுல கெடக்குறாரு. நாங்க உசுரோட இருக்கோம்னு சொல்லணும்."

துக்கத்துக்கு வந்தவளிடம் எப்படி மறுப்பது? ஜன்னல் கட்டையில் கைப்பேசிகள் வரிசையாகப் படுத்தன. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சிந்திவிட்டு, "இருந்தப்ப ஒரு டம்ளர் சக்கர கடன் குடுக்க மாட்டா. இப்பப் பாரு, தெருவுக்கே கரண்ட் குடுக்குறா" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன்னே அவள் மறுபடியும் ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

போதிய குளிர் ஏறியதும் பெட்டியின் கம்ப்ரசர் தானாக நின்று, சற்றுப் பொறுத்து மீண்டும் எழும். அப்படி எழும்போதுதான் அதற்கு அதிகம் இழுவை தேவை. ஒருமுறை அது எழ முயன்றது. விளக்கு மங்கியது, பாட்டு இழுபட்டது, இன்வெர்ட்டர் கீச்சிட்டது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பேட்டரி முனையில் கேபிளின் தோல் உருகி வழிந்திருந்தது. ஓட்டுநர் கருகியதை வெட்டி எறிந்துவிட்டு, கையில் இருந்த மெல்லிய ஒயரை முறுக்கிச் சேர்த்தார். நான் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். பெட்டி மட்டும் தனியாக இழுத்துப் பார்த்தது. முனகியது, நின்றது, மறுபடி முனகியது, நின்றது.

"ஒயர் இழுக்கலியா, கம்ப்ரசரே போயிடுச்சான்னு தெரியலக்கா" என்றார் ஓட்டுநர். மாற்றுக் கேபிள் வாங்கத் திறந்த கடை எங்கும் இல்லை.

கண்ணாடியில் பனி நீராகிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குத்தான் பயனில்லையே என்று யாரோ விளக்கையும் பாட்டையும் திரும்பப் போட்டுவிட்டார்கள். அவற்றுக்கு அந்த மெல்லிய ஒயரே போதுமானதாக இருந்தது.

மகள் விழுப்புரத்திலிருந்து அழைத்தாள். வழியில் வெள்ளம், பஸ் நகரவில்லை என்றாள். பிறகு, "பெட்டி ஓடுதா பெரிம்மா?" என்று கேட்டாள்.

"லைட்டு எரியுதும்மா."

"லைட்டக் கேக்கல."

"ஓடல."

பஸ்ஸுக்குள் யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது. அவள் செவிலியின் நிதானத்தோடு பேசினாள். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுங்க. நான் டெய்லி இதத்தான பாக்குறேன். இதுக்கு மேல வெச்சிருந்தா, நான் வந்து பாக்குறது அம்மாவா இருக்காது. போட்டோ எதுவும் எடுக்க வேணாம்." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

நான் தங்கையின் கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் உள்ளே வந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த வாசல் விளக்கு அசையாமல் நின்று எரிந்தது.

மகள் மறுநாள் வந்தாள். வெறுமையாய்க் கழுவிக் கிடந்த கூடத்தில் நின்றுகொண்டு, "கடைசியா அம்மாவுக்கு யாரு தல வாரி விட்டது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். என் இரு கைகளையும் பிடித்துத் தன் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். எடுத்த பிறகு நான் தலை முழுகியிருந்தேன்.