அக்காவின் சிடி அட்டை

என் அக்காவுக்குப் பாட்டு வந்தது, எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் இதை யாரும் பூசி மெழுகிச் சொன்னதில்லை. மயிலாப்பூரில் ஒரே டீச்சரிடம்தான் இரண்டு பேரையும் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் டீச்சர் அம்மாவைத் தனியாக அழைத்து, சின்னவளைப் படிப்பில் விடலாமே என்றார். அதிலிருந்து கச்சேரிகளுக்கு அக்காவின் சுருதிப் பெட்டியையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவது என் வேலையாயிற்று. யாராவது "நீயும் பாடுவியா?" என்று என்னைக் கேட்டால், அம்மா முந்திக்கொண்டு, "இவ டிராயிங் நன்னா போடுவா" என்பாள். நான் டிராயிங் போட்டு யாரும் பார்த்ததில்லை.

என் பொறாமை லேசுப்பட்டதல்ல. அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். எனக்கிருந்த ஒரே ஆறுதல் அவள் பாடும்போது காட்டும் முகம். மேலே போகப் போக வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், புருவம் நெளியும், மூக்கு விடைக்கும். இந்தச் சேஷ்டையெல்லாம் போக வேண்டும் என்று அம்மா அவளைக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்துச் சாதகம் பண்ணச் சொல்வாள். நான் பின்னால் போய் நின்று, அவளுக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அதே முகத்தைச் செய்து காட்டுவேன். அவள் பாட்டை நிறுத்தாமலே என்னை முறைப்பாள்.

அக்கா பிளஸ் டூ படிக்கும்போது மார்கழி சீசனுக்கு முன்னால் அவளுடைய முதல் சிடி வருவதாக ஏற்பாடாயிற்று. அப்போது சிடி அட்டைகளெல்லாம் ஒரே அச்சில்தான் இருக்கும். பட்டு, ஜிமிக்கி, தலை நிறையப் பூ, மடியில் தம்புரா, பின்னால் கோபுரம். மேடையில் சுருதிப் பெட்டியோடு காலம் தள்ளுகிறவர்களும் அட்டையில் தம்புராவைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். பார்த்த மாத்திரத்தில் 'நல்ல குருவிடம் கற்ற பாடாந்தரம், அடக்கமான பெண்' என்று தெரிந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் தம்புரா இல்லாததால் டீச்சரிடம் இரவல் வாங்கினோம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். அம்மா எனக்கும் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தாள். அக்காவுக்கு உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தபோது ஃபோட்டோக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நீ வந்து இங்க குந்து. அக்கா வர்றதுக்குள்ள லைட்டு எங்க வுழுதுன்னு பாத்துக்கிறேன்."

நகை எப்படி மின்னுகிறது என்றும் பார்க்க வேண்டுமாம். அம்மா மாற்றுக்கு எடுத்து வந்திருந்த ஜிமிக்கியை எனக்கு மாட்டிவிட்டாள். நான் தம்புராவில் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, சபா நிறைய ஜனங்கள் எனக்காக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஃபிளாஷ் அடித்தது.

"இன்னாம்மா, இந்தப் பாப்பாதான் பாட்டுக்காரி மாதிரியே கீது" என்றார் அவர். அம்மா சிரித்தாள். பின்னலை முடித்துக்கொண்டு வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். பிறகு அவள் உட்கார்ந்தாள். சிரிக்கச் சொல்லிச் சொல்லி ஃபோட்டோக்காரருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பாஸ்போர்ட் படத்துக்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

ஃபோட்டோக்களெல்லாம் ஒன்றாக சிடி கம்பெனிக்குப் போயின. அட்டையை வடிவமைத்தவர் அக்காவைக் கண்ணால் கண்டதில்லை. கண்ணுக்கு நன்றாக இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டார். சரிபார்க்க மாதிரி வந்தபோது அப்பா, டீச்சர் பெயருக்கு முன்னால் உரிய பட்டம் இருக்கிறதா, மிருதங்கக்காரர் பெயர் வயலின்காரர் பெயரைவிடப் பெரிதாகிவிட்டதா என்று பார்த்தார். அம்மா நன்றிப் பட்டியலில் பெரியப்பா சித்தப்பாவுக்கு முன்னால் வருகிறாரா என்று பார்த்தாள். எங்களில் அதுதான் தலைபோகிற விஷயம். படத்தை இருவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. நானோ வயிற்றெரிச்சலில் அந்தப் பக்கமே போகவில்லை.

வெளியீட்டு விழா ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன ஹாலில். சிடிக்கட்டு நேராக அங்கேயே வந்து இறங்கியது. தலைமை விருந்தினர் ஜரிகைத் தாளைப் பிரித்து, ஒரு சிடியை எடுத்துச் சபைக்குக் காட்டினார். அட்டையில் அக்காவின் பெயர் இருந்தது. அதன் கீழே கண்ணை மூடிக்கொண்டு தம்புராவில் சாய்ந்திருந்தவள் நான்.

"இது சின்னவளோன்னோ?" என்றார் அப்பா.

"மெதுவாப் பேசுங்கோ" என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அக்கா பாட ஆரம்பித்ததும் அட்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவளுடைய வாய் கோணியது, புருவம் நெளிந்தது, ஹால் முழுக்கத் தலையாட்டியது. என் பெருமை அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் வாசலில் ஒரு மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள். கச்சேரி நேரத்தை கேன்டீனில் கழித்துவிட்டு வந்தவள் போலிருக்கிறது. சிடியையும் பேனாவையும் என் கையில் கொடுத்து, "ஒரு கையெழுத்துப் போடுடி கொழந்தே. அப்படியே ரெண்டு வரி பாடேன், கேக்கறேன்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் வந்து நின்ற அக்கா சிடியை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மாமி அட்டையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "ஃபோட்டோல இன்னும் லட்சணமா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாவும் அம்மாவும் தம்புராவோடு ஒரு ஆட்டோவில் ஏறினார்கள். நானும் அக்காவும் இன்னொன்றில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் அவள் சொன்னாள்:

"அந்த அட்டையைக் கம்பெனிக்காரா எங்கிட்டயும் காட்டினாடி. நான்தான் இதுவே இருக்கட்டும்னேன்."

"பொய். ஏன்?"

"நன்னா இருந்தது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தவறுதலாக எனக்குக் கிடைத்த ஒன்றையும் தான் கொடுத்ததாக ஆக்கிவிட்டாளே என்று. மந்தைவெளி வரும்வரை என் பக்கத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கர்வம் என்று நினைத்தேன்.

இப்போது அக்காவின் ஆல்பங்கள் எல்லார் ஃபோனிலும் ஒலிக்கின்றன. எதன் அட்டையிலும் அவள் முகம் இல்லை. ஒரு நிறம், ஒரு கோடு, ஓரத்தில் அவள் பெயர், அவ்வளவுதான். இசைக்குப் பின்னால் தன்னை மறைத்துக்கொள்ளும் கலைஞர் என்று எழுதுகிறார்கள். அதுதான் அவளுடைய பாணி என்கிறார்கள். அந்தப் புகழைக் கேட்டாலும் எனக்குப் பொறாமைதான். ஆனால் என்னிடம் இருக்கும் எதையாவது பார்த்து அவளும் ஏங்கியிருப்பாள் என்று, அந்த ஆட்டோவில் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றவே இல்லை.