கொந்த்ராத்துக்குச் செஸ் தெரியாது

டிராம் பணிமனையில் சக்கரம் பூட்டும் கொந்த்ராத் இல்யிச்சுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. குடியிருப்பு முற்றத்தில் செஸ் பலகை விரித்தால் அவரை ஜெயிக்க ஆளில்லை. எதிர்வீட்டுப் பிளம்பர் ஜாகர் வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டே இருந்தார். இன்னொரு பெருமை, மாஸ்கோவில் உலக சாம்பியன் போட்டி நடக்கும்போது மேடையில் கொக்கிக் கோலுடன் நிற்பவர் அவர்தான். ஆட்டக்காரர்கள் மேஜையில் காயை நகர்த்தியதும் சுவரில் தொங்கும் பெரிய பலகையிலும் அதே காயை அவர் கோலால் நகர்த்துவார். அதைப் பார்த்துத்தான் அரங்கம் மூச்சு விடும்.

போன வருஷப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. சாம்பியனை எதிர்த்து ஆடியவர் தலையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். குதிரையைத்தான் நகர்த்த வேண்டும் என்று கொந்த்ராத்துக்குத் தெரிந்துவிட்டது. கோல் அவர் அனுமதியைக் கேட்காமலேயே குதிரையைத் தூக்கி வைத்தது. அரங்கம் சலசலத்தது. ஆட்டக்காரர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், அதே குதிரையை நகர்த்தினார், பட்டத்தையும் வாங்கினார்.

பட்டம் இழந்தவருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபோட்டி கேட்க உரிமை உண்டு. கேட்டார். கூடவே அவர் தரப்பு ஒரு நிபந்தனையும் போட்டது: கோல் பிடிப்பவருக்குச் செஸ் தெரிந்திருக்கக் கூடாது. இந்தத் தடவை குதிரை மறுபக்கத்துக்கு உதவிவிடுமோ என்று பயந்து புது சாம்பியன் தரப்பும் ஒத்துக்கொண்டது.

ஒரு கமிஷன் போட்டு, செஸ் தெரியாத ஆளை மாஸ்கோ முழுக்கத் தேடினார்கள். அரங்க வாசலில் கோட்டு வாங்கி வைக்கும் அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. தீயணைப்புக்காரருக்கும் தெரிந்திருந்தது. காவலாளி மட்டும் தெரியாது என்றார், ஆனால் அன்று மாலையே கமிஷன் உறுப்பினர் ஒருவரைத் தோற்கடித்துவிட்டார்.

கொந்த்ராத் கமிஷன் முன் போய் நின்றார். "போன தடவை கை தவறிடுச்சு தோழர். எனக்குச் செஸ்ஸே தெரியாது."

கமிஷன் தலைவர் உஷாகோவ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாதுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. உட்காருங்க. காய் எப்படி நகரும்னு மட்டும் சொல்றேன், ஆடிக் காட்டுங்க."

தோற்பது இவ்வளவு கஷ்டம் என்று கொந்த்ராத் நினைத்ததே இல்லை. யானையை வெட்டுக்கு நீட்டினார், உஷாகோவ் கவனிக்கவில்லை. மந்திரிகளில் ஒன்றை நீட்டினார், அதையும் விட்டுவிட்டார். பொறுக்க முடியாமல் தன் ராணியைக் கொண்டுபோய் உஷாகோவின் ராஜாவின் மூக்கடியில் வைத்துக் கையை எடுத்தார்.

எடுத்த பிறகுதான் பலகையின் மறுகோடியில் தன் இன்னொரு மந்திரி நிற்பது கண்ணில் பட்டது. அது ராணிக்கு மூலைவாட்டில் காவல் நின்றது. ராணியை வெட்ட முடியாது. ராஜாவுக்கு ஒதுங்க இடமும் இல்லை. செக்மேட்.

உஷாகோவ் தாடையைத் தடவியபடி நெடுநேரம் யோசித்தார். பிறகு புன்னகையோடு தன் ராஜாவாலேயே ராணியை வெட்டி எடுத்துக்கொண்டார்.

கூட உட்கார்ந்திருந்த இருவரும் தலையாட்டினார்கள். எதிரே, வெட்டவெளியில், மந்திரியின் வழியில் உஷாகோவின் ராஜா நின்றது. கையை நீட்டினால் போதும். கொந்த்ராத் அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, மறுகையால் ஓரத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் தள்ளினார்.

"பாவம், ராணியையே கொண்டாந்து வாயில வெக்கிறாரு" என்றார் உஷாகோவ். "இவருக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியல. கோலைக் குடுங்க."

செய்தி முற்றத்துக்கு வர ஒரு நாள் ஆகவில்லை. ஜாகர் பெஞ்சில் கிடந்த பனியைத் தட்டிவிட்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி காத்திருந்தார்.

"வாங்க கொந்த்ராத் இல்யிச். உங்களுக்குச் செஸ் தெரியாதுன்னு கமிஷனே சொல்லிடுச்சாமே. அப்போ நான் இத்தனை வருஷம் தோத்தது எதுவும் செல்லாது. மறுபோட்டி வேணும்."

"ஜாகர், சும்மா இரு."

"இருக்கேன். நீங்க ஜெயிச்சா மட்டும் உஷாகோவ் காதுல போட்டுடுவேன்."

போட்டி முடியும்வரை கொந்த்ராத் சாயங்காலம் மேடையில் நின்றார், காலையில் ஜாகரிடம் தோற்றார். மேடையில் அவர் முகம் சுவர் மாதிரி இருந்தது. கோல் ஒருமுறைகூட முந்தவில்லை. பழைய சாம்பியன் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

மறுநாள் காலை கொந்த்ராத் பலகையோடு இறங்கி வந்தார். "எல்லாம் முடிஞ்சுது. இப்போ எனக்கு மறுபோட்டி."

ஜாகர் விதைத் தோலைத் துப்பினார். "அந்த மறுபோட்டி உரிமையையே எடுத்துடப் போறாங்களாம். ரேடியோவுல சொன்னான். நான் சாம்பியனாவே இருந்துக்குறேன்."

கொந்த்ராத் பலகையைத் திறந்தார்.

"யோசிச்சுக்குங்க" என்றார் ஜாகர். "அடுத்த போட்டியும் இங்கதான் நடக்குமாம். கோல் வேணும்ல?"

மரத்திலிருந்து உருகிய பனி பலகையில் சொட்டியது. கொந்த்ராத் கைக்குட்டையால் துடைத்தார்.

"வேணும்னா குதிரை எப்படிப் போகும்னு சொல்லித் தரட்டுமா?" என்றார் ஜாகர்.

"சொல்லு" என்றார் கொந்த்ராத். "மெதுவா சொல்லு."